கஜானாவின் கதை – 9: நூற்றுக்கு எட்டணா

சென்ற வாரம் சேலத்தில் நிறுத்தியிருந்தோம். 1937 அக்டோபர் 1 அன்று அந்த மாவட்டத்தின் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் ஒருசேர மூடப்பட்டன. அடுத்த ஆண்டு சித்தூரும் கடப்பையும் சேர்ந்தன. 215 பேர் கொண்ட சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 159 இடங்களைப் பிடித்திருந்த காங்கிரசுக்கு மதுவிலக்குச் சட்டத்தை நிறைவேற்றுவது பெரிய காரியமாக இல்லை. அந்தக் கடைகள் கஜானாவுக்குக் கொண்டுவந்து கொட்டிய பணத்துக்கு மாற்று தேடுவதுதான் பெரும்பாடாயிற்று. மாகாணப் பிரதமர் ராஜாஜியே நிதி இலாகாவையும் வைத்திருந்தார். அதனால் அந்தப் பாடு வேறு யாருடையதும் அல்ல.

1939 என்றதும் தமிழ்நாட்டின் நினைவுக்கு வருபவை இரண்டு: சிறைகளை நிரப்பிய இந்தி எதிர்ப்புப் போராட்டம், மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் நடந்த ஆலயப் பிரவேசம். அதே ஆண்டில் நிறைவேறிய மூன்றாவது ஒன்று, அவ்விரண்டைப் போலவே நீண்ட ஆயுள் கொண்டது. அது சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். இந்தியாவில் சரக்கு எதுவாயினும் விற்பனைக்குப் பொதுவாக வரி போட்ட முதல் மாகாணம் சென்னைதான்.

“மதுவிலக்கால் ஏற்பட்ட இழப்பை ஈடுகட்ட ராஜாஜி விற்பனை வரி கொண்டுவந்தார்” என்ற ஒரே வாக்கியத்தில் பாடநூல்கள் இதை முடித்துவிடுகின்றன. அந்த வாக்கியம் பாதிதான் உண்மை என்பது என் கருத்து. மதுவிலக்கு இந்த வரிக்கு அவசரத்தையும் அறத்தின் துணையையும் தந்தது. ஆனால் வரியைப் பெற்றெடுத்தது வேறொரு பற்றாக்குறை. அதைவிட முக்கியமானது, பணம் வேண்டும் என்று முடிவானபின் யாரிடம் வாங்குவது என்பது தானாக முடிவாகவில்லை. அது ஒரு தேர்வு. அந்தத் தேர்வைத்தான் நாம் எடைபோட வேண்டும்.

கள்ளும் கஜானாவும்

முதலில், இழந்தது என்ன? 1886-ஆம் ஆண்டின் ஆப்காரிச் சட்டத்தின் கீழ் அரசுக்குக் குடியிலிருந்து மூன்று வழிகளில் பணம் வந்தது. வடிக்கும் சாராயத்துக்குத் தீர்வை. கள் இறக்கும் பனைக்கும் தென்னைக்கும் ஈச்சைக்கும் மரவரி. கடை நடத்தும் உரிமையை ஏலம் விட்டுக் கிடைக்கும் வாடகை. மூன்றும் சேர்ந்து மாகாண வருமானத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. இதில் கொடுமையானது ஏலம்தான். போட்டிபோட்டு அதிகத் தொகைக்குக் கடை எடுத்தவன், போட்ட பணத்தை எடுக்க அதிகம் விற்றாக வேண்டும். அதிகம் விற்ற கடைக்கு மறு ஏலத்தில் விலை இன்னும் ஏறும். தாலுகா கச்சேரியில் நடந்த ஒவ்வொரு ஏலமும் குடியை வளர்ப்பதில் அரசையே பங்காளியாக்கிற்று. பணம் வந்ததோ பெரும்பாலும் கூலிக்காரர்களிடமிருந்தும் நெசவாளர்களிடமிருந்தும் சிறு உழவர்களிடமிருந்தும். மாகாணப் பள்ளிக்கூடங்களுக்குப் போன பணத்தில் கணிசமானது, அந்தப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்ப இயலாத வீடுகளிலிருந்து எடுக்கப்பட்டது. பிள்ளைகளின் படிப்புக்கு மது வருமானத்தைத் தவிர மாகாணங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை என்ற நிலையைக் காந்தியடிகள் 1937-இலேயே கடுமையாகக் கண்டித்திருந்தார்.

இனி, மதுவிலக்கே வராமல் இருந்திருந்தால் சென்னையின் கஜானா நிம்மதியாக இருந்திருக்குமா? 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தைப் பார்த்தால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். கல்வி, மருத்துவம், விவசாயம், போலீஸ் என்று மக்கள் அன்றாடம் எதிர்பார்க்கும் பொறுப்புகளையெல்லாம் அந்தச் சட்டம் மாகாணங்களின் தலையில் வைத்தது. நாடு வளர வளரக் கூடவே வளரக்கூடிய வருமான வரியும் சுங்கமும் டெல்லியின் கையில் இருந்தன. பிரிட்டிஷ் நிதி நிபுணர் ஆட்டோ நீமெயர் வகுத்த பங்கீட்டில், வருமான வரியில் மாகாணங்களுக்கென ஒதுக்கிய தொகையில் சென்னைக்கு நூற்றுக்குப் பதினைந்து என்று முடிவாயிற்று. அதிலும் மாகாணங்களுக்குரிய தொகையில் ஒரு பகுதியைத் தொடக்க ஆண்டுகளில் மத்திய அரசே நிறுத்திவைத்துக்கொள்ள இடமிருந்தது.

மிஞ்சியது நிலவரி. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்லும் நிலக்கடலையும் விலை சரிந்தபோது விவசாயி கட்ட வேண்டிய தீர்வை மட்டும் சரியவில்லை. தீர்வையைக் குறைப்போம் என்று சொல்லி ஓட்டு வாங்கிய கட்சி அதை ஏற்றியிருக்க முடியாது. 1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்த அரசு, அதே விவசாயியின் நிலத்தில் மேலும் கைவைக்க முடியாது. ஆக, வளரும் வருமானம் டெல்லியில், தேங்கிய வருமானம் நிலத்தில், பாவ வருமானம் கள்ளில் என்பதுதான் 1937-இல் சென்னையின் நிலை. மதுவிலக்கு இந்தப் பள்ளத்தை ஆழப்படுத்தியது. தோண்டியது அது அல்ல.

இதற்குப் பின்னாளில் கிடைத்த சாட்சியம் ஒன்று உண்டு. 1941-இல் வங்காளமும் பஞ்சாபும் விற்பனை வரிச் சட்டங்களை நிறைவேற்றின. இரண்டிலும் காங்கிரஸ் ஆட்சியில் இல்லை. இரண்டிலும் மதுவிலக்கு இல்லை. கள்ளுக்கடை திறந்தே இருந்த மாகாணங்களுக்கும் இந்த வரி தேவைப்பட்டது.

ஒரு பெட்ரோல் வழக்கு

1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் மாகாணங்களுக்குரிய பட்டியலில் 48-ஆவது இனமாக, சரக்கு விற்பனை மீதும் விளம்பரங்கள் மீதும் வரி விதிக்கும் உரிமை இருந்தது. எழுதியிருந்ததே தவிர, அந்த உரிமை எவ்வளவு தூரம் செல்லும் என்பது யாருக்கும் நிச்சயமில்லை. ஏனென்றால், உற்பத்தியாகும் பொருள்கள் மீது ஆயத்தீர்வை போடும் அதிகாரம், மது போன்ற சில நீங்கலாக, மத்திய அரசுக்கு. ஒரு பொருளுக்கு விற்பனையின்போது வரி போட்டால் அது விற்பனை வரியா, பெயர் மாற்றிய ஆயத்தீர்வையா?

கேள்வியை முதலில் எழுப்பும்படி செய்தது சென்னை அல்ல. மத்திய மாகாணமும் பேராரும். அந்த அரசு 1938-இல் பெட்ரோல், மசகெண்ணெய் ஆகியவற்றின் சில்லறை விற்பனைக்கு வரி விதித்தது. டெல்லி அதை ஏற்கவில்லை. விவகாரம், முந்திய ஆண்டுதான் தோன்றியிருந்த கூட்டாட்சி நீதிமன்றத்தின் முன் வந்தது. அந்த நீதிமன்றம் முடிவுசெய்த முதல் விவகாரமே இதுதான். தலைமை நீதிபதி மாரிஸ் குவையர், நீதிபதிகள் சுலைமான், ஜெயகர் ஆகிய மூவரும் கேட்டார்கள். மத்திய அரசின் வாதம் வென்றிருந்தால் 48-ஆவது இனம் ஏட்டுச் சுரைக்காய் ஆகியிருக்கும்; எந்த மாகாணத்துக்கும் நிலத்தையும் கள்ளையும் விட்டால் வேறு போக்கு இருந்திருக்காது.

1938 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. பொருள் உற்பத்தியாகும்போது போடுவது வேறு, விற்கப்படும்போது போடுவது வேறு. பின்னது மாகாணத்தின் உரிமை. மூவரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்.

இந்தக் கதையின் திருப்புமுனை எது என்று கேட்டால், சேலத்தில் கடை மூடிய நாளை அல்ல, இந்தத் தீர்ப்பைத்தான் நான் சொல்வேன். கடை மூடியது 1937-இல். பொது விற்பனை வரி சட்டமானது 1939-இல். நடுவில் திறந்தது டெல்லியில் இருந்த கதவு. அது திறந்த கையோடு சென்னை ஒரே ஆண்டில் பொது விற்பனை வரி, பெட்ரோல் வரி, புகையிலை விற்பனை வரி, கேளிக்கை வரி, மின்சாரத் தீர்வை என்று வரிசையாகச் சட்டங்களை நிறைவேற்றியது.

இதற்கு ஒரு மறுப்பு சொல்லலாம். சேலம் ஒரு மாவட்டம். அதன் இழப்பைச் சிக்கனத்தால் சமாளிக்க முடிந்தது. மூன்று மாவட்டமாகி நான்காவதும் சேரவிருந்தபோதுதான் புது வரி தவிர்க்க முடியாததாயிற்று. ஆகவே தாமதத்துக்குக் காரணம் தீர்ப்பு அல்ல, இழப்பின் அளவுதான் என்று. இதில் நியாயம் உண்டு. மாகாணம் முழுவதும் மதுவிலக்கு என்ற கனவை இப்படியொரு வருமானம் இல்லாமல் காணவே முடியாது. ஆனால் அளவும் அவசரமும் மதுவிலக்கு தந்தவை என்றே வைத்துக்கொண்டாலும், வரி இந்த வடிவத்தில் வந்ததற்கு அது பதிலாகாது. அதே ஆண்டில் அதே கட்சியின் ஆட்சியில் பம்பாய் என்ன செய்தது என்று பார்த்தால் இது விளங்கும்.

யார் தோளில்?

பம்பாய் நகரில் 1939 ஆகஸ்ட் 1 முதல் மதுவிலக்கு வந்தது. இழப்பை ஈடுசெய்ய அந்த மாகாணம் முக்கியமாக நாடியது நகர்ப்புறச் சொத்து வரி. கட்டடங்களின் ஆண்டு வாடகை மதிப்பில் நூற்றுக்குப் பத்து. வீட்டுச் சொந்தக்காரர்கள் கொதித்தார்கள், நீதிமன்றம் போனார்கள், தோற்றார்கள். அங்கே மதுவிலக்குக்கான விலையை வசதியுள்ளவர்களிடம் கேட்டார்கள். சென்னையில் அப்படிச் செய்திருக்க முடியாது என்பதற்குக் காரணம் உண்டு. பம்பாயைப் போல ஒரு மாநகரம் மாகாணத்தின் செல்வத்தை இங்கே திரட்டி வைத்திருக்கவில்லை. சென்னை மாகாணம் கிராமங்களின் மாகாணம்.

கிராமங்களின் மாகாணம் என்றால் செல்வமும் கிராமத்தில்தானே இருந்திருக்க வேண்டும்? பெருநிலக்கிழார்களிடம் இருந்தது. விவசாய வருமானத்துக்கு வரி போடும் உரிமையும் அதே மாகாணப் பட்டியலில் இருந்தது. பீகார் 1938-இல் அதைப் பயன்படுத்திச் சட்டம் இயற்றியது. மறு ஆண்டு அஸ்ஸாம். சென்னை அந்தப் பக்கமே போகவில்லை. ஜமீன்தார்கள் அரசுக்குக் கட்டிய பேஷ்குஷ் 1802-ஆம் ஆண்டின் நிரந்தரத் தீர்வையில் நிர்ணயிக்கப்பட்டது; அதன்பின் அவர்கள் குடிகளிடம் வாங்கிய வாரமும் குத்தகையும் எவ்வளவு ஏறினாலும் அரசின் பங்கு ஏறவில்லை. ஜமீன் பகுதிகளின் நிலையை ஆராய இதே அரசு அமைத்த குழு, வருவாய் அமைச்சர் பிரகாசத்தின் தலைமையில் 1938-இல் அறிக்கையும் தந்துவிட்டது. உண்மை தெரியாமல் இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

விவசாயி ஏற்கெனவே நிலவரி கட்டுகிறான், அவன் வருமானத்துக்கும் வரியா என்பது அன்றைய எதிர்வாதம். ஐந்து ஏக்கர் ரயத்துக்கு இது பொருந்தும். ஆயிரம் ஏக்கர்காரருக்குப் பொருந்தாது. குறிப்பிட்ட வருமானத்துக்கு மேல் என்று வரம்பு வைத்திருந்தால் சிறு விவசாயி தப்பியிருப்பான். விற்பனை வரியில் சிறுகடைக்காரருக்கு அப்படித்தானே வரம்பு வைத்தார்கள்? சென்னையில் விவசாய வருமான வரி 1955-இல்தான் எட்டிப் பார்த்தது. அதுவும் முதலில் தோட்டப் பயிர்களுக்கு மட்டும். அந்தப் பதினாறு ஆண்டுத் தாமதத்தை மதுவிலக்கின் பெயரால் நியாயப்படுத்த முடியாது. 1939-இன் தேர்வில் என் மனம் ஒப்பாத இடம் இது.

பேரேட்டின் பக்கங்களில்

சட்டம் சொன்னது இது. ஆண்டு விற்றுமுதல் 10,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால் வரி இல்லை. பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் வரை மாதம் 5 ரூபாய். அதற்கு மேல், விற்றுமுதலில் நூற்றுக்கு அரை ரூபாய், அதாவது எட்டணா. தன் நிலத்தில் விளைந்ததை விற்கும் விவசாயிக்கு வரி கிடையாது. கைத்தறித் துணியை மட்டுமே விற்பவருக்கும் விலக்கு.

பத்தாயிரம் என்பது நாளொன்றுக்குச் சுமார் 27 ரூபாய் வியாபாரம். கிராமத்துப் பெட்டிக்கடையும் தெருமுனை மளிகையும் அதற்கு வெகு கீழே. 18,000 ரூபாய்க்கு விற்கும் கடைக்காரர் ஆண்டுக்கு 60 ரூபாய் கட்ட வேண்டும். 30,000 ரூபாய்க்கு விற்பவர் 150 ரூபாய். கேட்க மிகச் சிறிய தொகை. ஆனால் வரி லாபத்தின் மீது அல்ல, விற்றுமுதலின் மீது. நூறு ரூபாய் சரக்கில் மூன்று ரூபாய் நிற்கும் மொத்த வியாபாரிக்கு எட்டணா என்பது லாபத்தில் ஆறில் ஒரு பங்கு. நட்டத்துக்கு விற்றாலும் அந்த எட்டணா உண்டு. வணிகர்களின் எதிர்ப்பு வெறும் கூச்சல் அல்ல. கணக்கு அவர்கள் பக்கமும் இருந்தது.

இன்னொரு குறை அமைப்பிலேயே இருந்தது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் வரி. தென்னார்க்காட்டு விவசாயி நிலக்கடலையைக் கொடுக்கும்போது வரி இல்லை. வாங்கிய வியாபாரி செக்காலைக்கு விற்றால் எட்டணா. ஆலை எண்ணெயை மொத்த வியாபாரிக்கு விற்றால் எட்டணா. அவர் கடைக்கு, கடை வீட்டுக்கு. நான்கு கை மாறுவதற்குள் நூற்றுக்கு இரண்டு ரூபாய் ஏறிவிடும். வாங்குவதும் ஆட்டுவதும் விற்பதும் தானே செய்யும் பெரிய நிறுவனத்துக்கோ ஒரே எட்டணா. சிறியவர்கள் நால்வர் சேர்ந்து செய்யும் தொழில், பெரியவர் ஒருவர் செய்யும் தொழிலைவிட அதிக வரி கட்டியது. எண்ணெயையும் பிண்ணாக்கையும் முதலில் விற்கும் ஆலைக்காரரிடம் இந்த வரியை வாங்கலாமா என்ற வழக்கும் கூட்டாட்சி நீதிமன்றம் வரை போய், 1942-இல் மாகாணத்துக்குச் சாதகமாக முடிந்தது.

இப்போது பெரிய ஆட்சேபத்துக்கு வருவோம். விற்பனை வரி கடைசியில் ஏழையின் தலையில்தானே விடியும்? கள்ளில் வாங்கியதை மண்ணெண்ணெயிலும் துணியிலும் வாங்கினால் ஏழைக்கு என்ன மிச்சம்? இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. பொருள் மீதான வரி எதுவுமே ஏழையின் வருமானத்தில் பெரிய பங்கை எடுக்கும். ஆனாலும் இரண்டும் ஒன்று என்ற முடிவை நான் ஏற்க மாட்டேன். கள்ளுக்கடையில் அரசு எடுத்த பங்கு, நூற்றுக்கு எட்டணாவோடு ஒப்பிடவே முடியாத அளவு. அந்தப் பங்கு குடிப்பவனின் கூலியிலிருந்து போகும்போது, அவன் வீட்டு அரிசியும் துணியும் சேர்ந்தே போயின. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பி.ஜே. தாமஸ் போன்ற பொருளாதாரப் பேராசிரியர்களின் மேற்பார்வையில் சேலத்தில் நடந்த ஆய்வுகள், குடிக்குப் போன பணம் உணவுக்கும் துணிக்கும் திரும்பியதைப் பதிவுசெய்தன. நூறு ரூபாய்க்குத் துணியும் தானியமும் வாங்கி எட்டணா வரி கொடுக்கும் குடும்பமும், அதே நூறு ரூபாயைக் கள்ளுக்கடையில் விட்டு ஒன்றும் இல்லாமல் வீடு திரும்பும் குடும்பமும் ஒரே நிலையில் இல்லை. சேலத்துக் கடைக்காரருக்கும் இதில் பங்கு உண்டு. கள்ளுக்கடையிலிருந்து விடுபட்ட பணம் வந்து சேர்ந்தது அவர் கல்லாவில்தான்.

சட்டத்தில் எழுதாத வாக்கு

விற்பனையின் மீது தொகை எடுப்பது தமிழ் வணிகருக்குப் புதிதே அல்ல. விருதுநகரிலும் சிவகாசியிலும் நாடார் உறவின்முறைகள் மூட்டைக்கு இவ்வளவு, வியாபாரத்துக்கு இவ்வளவு என்று மகமை வசூலித்துக் கோயிலும் பள்ளிக்கூடமும் நடத்திவந்தன. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை அந்தப் பணத்தில் வளர்ந்தது. அதையும் சுமந்தவர் வணிகர்தான். ஆனால் பணம் போகும் இடம் அவர் கண்ணெதிரே இருந்தது. வேறு எதற்காவது திருப்பினால் பொதுக்கூட்டத்தில் கேட்க முடிந்தது.

1939-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தப் பிணைப்பு இல்லை. மதுவிலக்குக்காக என்று மேடையில் சொன்னார்கள், சட்டத்தில் எழுதவில்லை. வசூலாகும் பணம் பொதுக் கஜானாவுக்குப் போகும், அவ்வளவுதான். நிர்வாகிகள் இதை ஆதரிப்பார்கள். ஒரு வரியை ஒரு செலவோடு கட்டிப்போட்டால் பட்ஜெட்டே நடத்த முடியாது என்பார்கள். சாதாரண காலத்துக்கு அது சரியான விதி. ஆனால் இந்த வரியை மக்கள் பொறுத்துக்கொண்டதற்குக் காரணமே அந்த வாக்குத்தான். அதைக் காப்பாற்றும் பொறுப்பு ஒரு சட்டப் பிரிவில் இல்லாமல், ஒரு மந்திரிசபையின் ஆயுளில் தொங்கியது.

1939 செப்டம்பர் 3 அன்று பிரிட்டன் போர் அறிவித்தது. இந்தியத் தலைவர்கள் யாரையும் கேட்காமல் வைசிராய் இந்தியாவையும் போரில் சேர்த்தார். அக்டோபர் 1 அன்று பொது விற்பனை வரி நடைமுறைக்கு வந்தது. அன்றே வட ஆற்காடு மாவட்டத்திலும் மதுவிலக்கு தொடங்கியது. கொடுப்பதும் எடுப்பதும் ஒரே நாளில் நடந்தன. அந்த மாதம் முடிவதற்குள் ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா செய்தது.

ஆட்சி கவர்னர் எர்ஸ்கினின் கைக்குப் போயிற்று. சட்டமன்றம் கூடாது, கேள்வி கேட்க ஆளில்லை. அவருக்கு ஆலோசகர்களாக வந்தவர்கள் ஐ.சி.எஸ். அதிகாரிகள். அவர்கள் முன் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்று, நான்கு மாவட்டங்களில் வருமானத்தை விழுங்கிக்கொண்டிருந்த மதுவிலக்கு. மற்றது, அந்த இழப்பைக் காட்டி வாங்கிய, வசூல் ஏறிக்கொண்டே போகக்கூடிய வரி. இரண்டையும் சேர்த்துக் கட்டிய கயிறு எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. போருக்குப் பணம் தேவைப்பட்ட அந்த நாளில் அவர்கள் எந்தக் கோப்பை மூடினார்கள், எதைத் திறந்தே வைத்தார்கள்?

(தொடரும்)